பியானோ ரோல் வராது

மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். எங்கோ வெளிநாட்டில் இருக்கும், முகம் தெரியாத ஒருவர் எங்கள் மென்பொருளின் இணையப் பக்கத்துக்கு வந்து, "எல்லாம் அருமை, ஒரு பியானோ ரோல் மட்டும் இருந்தால் போதும்" என்று எழுதுவார். உடனே பழைய ஆசாமி யாராவது பாய்ந்து வந்து, எங்கள் கணக்கிலிருந்து முன்னொரு காலத்தில் போடப்பட்ட பதிலை அப்படியே எடுத்து ஒட்டுவார்: "வராது. வரவே வராது. வேண்டுமென்றால் வேறு கடை பாருங்கள்."

அந்தப் பதிலை எழுதியது நான் இல்லை, என் நண்பன். மென்பொருளை இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். வெளியுலகத்துக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. யார் எந்தப் பதிலை எழுதினோம் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் அவன் செத்துப்போனதும் யாருக்கும் தெரியாது. சொல்லிவிடலாம் என்று பலமுறை உட்கார்ந்தேன். அந்தக் கணக்கிலிருந்து எழுதினால், 'நான் இறந்துவிட்டேன்' என்று நானே எழுதுவதுபோல் வந்து நிற்கிறது. எரிச்சலோடு மூடிவிடுவேன். அவனும் இன்றுவரை அங்கே உட்கார்ந்து ஆட்களை விரட்டிக்கொண்டிருக்கிறான்.

நாங்கள் செய்தது டிராக்கர். அது இசை எழுதும் மென்பொருள்தான், ஆனால் பார்த்தால் இசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கறுப்புத் திரையில் கட்டம் கட்டமாக எழுத்தும் எண்ணும் மேலிருந்து கீழே ஓடும். ஒரு வரியில் ஒரு ஸ்வரம், அதன் பக்கத்தில் எந்த வாத்தியம் என்று ஓர் எண், எவ்வளவு சத்தம் என்று இன்னோர் எண். ஸ்வரம் இல்லாத வரியில் மூன்று கோடு இருக்கும். எந்தப் பாட்டை எடுத்தாலும் பாதிக்கு மேல் அந்த மூன்று கோடுதான். பியானோ ரோல் இதற்கு நேர் எதிர். திரையின் இடது ஓரத்தில் பியானோ கட்டைகளை அடுக்கி நிறுத்தியிருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் எதிரே, அது ஒலிக்கிற நேரத்துக்கு ஒரு பட்டை. இசை மேலே ஏறினால் பட்டைகளும் படியாக ஏறும், இறங்கினால் இறங்கும். கீபோர்டு வாசிக்கத் தெரிந்த யாரும் பார்த்தவுடன் படித்துவிடலாம். இன்றைக்கு எல்லா இசை மென்பொருளிலும் அது இருக்கிறது. எங்களுடையதில்தான் இல்லை.

எனக்கு அது வேண்டும் என்றுதான் இருந்தது. கேட்கிறவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், கொடுத்துவிட்டுப் போனால் என்ன? ஒருமுறை அவனிடம் சொல்லாமலே அரைகுறையாக ஒன்றை எழுதி உள்ளே சேர்த்தேன். மறுநாள் பார்த்தால் காணோம், சுத்தமாக வழித்து எடுத்துவிட்டிருந்தான். தி. நகரில் அவன் வேலை பார்த்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கீழே ஒரு டீக்கடை. அங்கே போய்ச் சண்டை பிடித்தேன்.

"இன்னா மச்சி அது, எல்.கே.ஜி. புள்ளைக்கு சிலேட்டு குடுத்த மாதிரி? காது இருக்கறவன் வரியப் படிச்சுப்பான்" என்றான்.

"உனக்குக் காது இருக்கு. மத்தவனுக்கு?"

"மத்தவன் வேற கடை பாக்கட்டும்."

அவனோடு பேசி ஜெயிக்க முடியாது. எதிராளியின் டீயையும் சேர்த்துக் குடித்துவிட்டு ஜெயித்துவிடுகிற ஆள். கோபத்தில் சில வாரம் பேசாமல் இருந்தேன். பிறகு அவனே அடையாறில் என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று காரணத்தைச் சொன்னான். காரணம் நைனா.

அவன் அப்பாவை அவன் நைனா என்பான். தெருவும் நைனா என்றது, எனக்கும் அவர் நைனாதான். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கட்சி மேடை என்று எங்கே மின்சாரம் உண்டோ அங்கெல்லாம் வாசித்திருக்கிறார். மனைவி போனபிறகு மயிலாப்பூரில், முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் ஒரு மாடி வீட்டில் அப்பாவும் பிள்ளையும் மட்டும். பிள்ளை கணினியில் இசையமைக்க உட்கார்ந்தால் காபி டம்ளரோடு பின்னால் வந்து நிற்பார். அப்போது அவனும் வேறு மென்பொருளில்தான் எழுதினான், திரையில் பட்டைகள் தெரியும். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தால்கூட அவருக்குக் கவலை இல்லை, கண்ணாலேயே வாசித்துவிடுவார். "அங்க கை தப்பு." "அந்த எடத்துல இன்னாத்துக்கு ஏறுற, எறங்கு." "தே, இத்த நான் ஒரு நிமிஷத்துல சரி பண்ணிருவேன், நவுரு."

டிராக்கருக்கு மாறிய அன்றும் டம்ளரோடு வந்து நின்றாராம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, டெலிபோன் டைரக்டரி மாதிரி கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

"அன்னிக்குத்தான் மச்சி எனக்குன்னு சொந்தமா ஒரு ரூம் கெடச்சுது" என்றான் வாசலில் நின்றபடி. "அதுல நீ ஜன்னல் வெக்கறேன்னு வர்ற."

அதோடு விட்டுவிட்டேன்.

போன வருடம், வேலை முடிந்து வரும்போது தேனாம்பேட்டை சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் பைக்கை ஓரம் கட்டி, ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அவ்வளவு ஒழுங்காக ஸ்டாண்டு போட்டவன் எப்படிச் செத்தான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. காரியமெல்லாம் முடிந்தபிறகு நைனா என்னைக் கூப்பிட்டு, "அவன் பொட்டியத் தொறந்து குடு. எங்கூட்டுப் பாட்டு அதுக்குள்ள கீது" என்றார். கணினியைத் திறந்து கொடுத்தேன். நாங்கள் எழுதிய மென்பொருள், கடைசியாக அவன் விட்ட இடத்திலேயே வந்து நின்றது. ஒரு பாட்டு, முக்கால்வாசி ஆகியிருந்தது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பாடும், இன்னொரு தட்டுத் தட்டினால் நிற்கும் என்று காட்டிக்கொடுத்தேன்.

அப்போது நான் யோசிக்காதது ஒன்று. டிராக்கரில் ஒரு ஸ்வரத்துக்குத் தொடக்கம்தான் எழுதுவோம், முடிவு கிடையாது. மேலிருந்து கீழே ஓடும் அதே வரிசையில் அடுத்த ஸ்வரம் வந்தால் முந்தையது நிற்கும். இல்லாவிட்டால் நிறுத்து என்று நாமே ஒரு வரி எழுத வேண்டும். அவன் எழுதியிருக்கவில்லை. அதனால் பாட்டு அவன் விட்ட வரிக்கு வந்ததும் மற்றதெல்லாம் அடங்கி, அந்தக் கடைசி ஸ்வரம் மட்டும் நின்றுகொண்டே இருந்தது. பழைய ஆர்மோனியம் போன்ற ஒரு குரல். நைனாவின் பழைய கீபோர்டிலிருந்து ஒவ்வொரு கட்டையாக ஒலிப்பதிவு செய்து அவன் உண்டாக்கிய வாத்தியம் அது. படுக்கப் போகும்வரை நைனா அதை நிறுத்துவதில்லை. காலையில் பால் வாங்கி வந்ததும் தட்டிவிடுவார். பாட்டு முடிந்து, அந்த ஒற்றை ஸ்வரம் வீட்டில் நாள் முழுக்க ஓடும். மேல்வீட்டு மாமி என்னைப் படியில் பார்த்து, "பெரியவர் பாட்டு கத்துக்க ஆரம்பிச்சுட்டாரா? சுருதிப் பெட்டி ஓடிண்டே இருக்கே" என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனபோது கதவு திறந்திருந்தது. கூடத்தில் யாரும் இல்லை. அவன் நாற்காலி காலியாக இருந்தது. திரையில் வரிகள் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டிருந்தன. அவன் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாள் அதைப் பார்த்திருக்கிறேன். அதே வேகம். அதே இடத்தில் ஒரு தயக்கம். மூன்று கோடு, மூன்று கோடு, ஒரு ஸ்வரம். காலி நாற்காலியில் யாரோ உட்கார்ந்து தட்டுகிற மாதிரி. எனக்கு வெட்கமே இல்லாமல் பயம் வந்தது. உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, "நைனா, நைனா" என்று கத்தினேன். சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், "இன்னாத்துக்கு இப்பிடிக் கத்தற? உள்ள வா, அவன் ஒண்ணும் கடிச்சுட மாட்டான்" என்றார்.

அன்றைக்குத்தான் கேட்டார்.

"இதுல கட்டை கெடையாதா? மத்ததுல எல்லாம் இப்பிடி ஓரமா கட்டை நிக்குமே, எதுத்தாப்பல பட்டை பட்டையா வருமே. அப்பிடிக் காட்டேன்."

"இதுல அது இல்ல நைனா."

"நீங்கதானே செஞ்சது? போடு. எனக்கு இந்த நம்பர் ஒண்ணும் புரியல. மொத வருஷப் படையலுக்கு எல்லாரும் வருவாங்க. அதுக்குள்ள இத்த முடிச்சு வெக்கணும்."

"யாரு முடிக்கறது?"

"நான்தான். வேற எவன் முடிப்பான்? எங்க நிக்குறான்னு கண்ணால பாத்தா போதும், அங்கேர்ந்து நான் புடிச்சுப்பேன். அந்தரத்துல வுட்டுட்டுப் போய்க்கீறான் பாரு. எத்தினி நாளு இப்பிடியே கத்திகினு கெடக்கும் அது?"

நான் தலையை ஆட்டினேன்.

ஆட்டினேனே தவிரச் செய்யவில்லை. என் ஆபீஸ் தரமணியில். பறக்கும் ரயிலில் என் ஸ்டேஷனைத் தாண்டிப் போனால்தான் அவர் வீடு. அதற்குப்பின் தாண்டிப் போவதையே விட்டுவிட்டேன். போன் செய்தால், "வேலை ஜாஸ்தி நைனா" என்றேன். வேலை எப்போதும் போலத்தான் இருந்தது. நண்பன் வாசலில் செருப்போடு நின்று சொன்ன வார்த்தைதான் என்னைப் பிடித்துவைத்திருந்தது. வாழ்நாள் முழுக்க எந்த ஓர் ஆள் படிக்கக்கூடாது என்று எழுதினானோ, அவருக்கே நான் படித்துக் காட்டுவதா? அவர் உட்கார்ந்து, கை தப்பு, ஏறாதே, இறங்கு என்று ஒவ்வொன்றாகத் திருத்துவாரே. செத்தவன் எழுந்துவந்து நவுரு என்று சொல்ல முடியுமா? இன்னொரு பக்கம், அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒற்றை ஸ்வரம். எழுபது வயது தாண்டிய மனிதர் அதோடு தனியாக. ரயிலில் போகும்போதும் வரும்போதும் இரண்டு பேரிடமும் மாறிமாறிப் பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் செத்தவன் மேல்தான் கோபம் வந்தது. 'நீ போயிட்ட. அவரோட மூஞ்சியப் பாக்கறவன் நான்' என்று அவனிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

எழுதுவது அவனோடு ஒரே அறையில் இருப்பதுபோல் இருந்தது. நிரல் எழுதுகிறவர்கள் நடுவில் தங்களுக்கென்று குறிப்பு எழுதிவைப்பார்கள். அவன் குறிப்புகள் எல்லாம் எனக்கு எழுதியவை. எந்தப் பகுதியைத் திறந்தாலும் ஒன்று இருந்தது. 'இங்க கை வைக்காத மச்சி, மொத்தமா வுழுந்துரும்.' 'இது ஏன் வேலை செய்யுதுன்னு எனக்கே தெரியாது, கேக்காத.' 'நீ இத்த மாத்துவேன்னு தெரியும், மாத்தித் தொல.' அவன் சொன்ன இடத்தில் கை வைத்தேன். மொத்தமாக விழுந்தது. தனியாக உட்கார்ந்து அவனைத் திட்டினேன், பிறகு சிரித்தேன், பிறகு அழுதேன். இதற்கு முன்பு, சுடுகாட்டில்கூட நான் அழவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. பியானோ ரோலில் பட்டை வரைய வேண்டுமானால் ஸ்வரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். முடிவு எழுதாத ஸ்வரத்தை எப்படி வரைவது? நானாக ஒரு நீளம் கொடுத்துப் பார்த்தேன், மனது ஒப்பவில்லை. அவன் எங்கே நிறுத்தியிருப்பான் என்று நான் யார் சொல்ல? கடைசியில் வலது ஓரத்தை மூடாமல் திரையின் விளிம்பு வரை ஓடவிட்டேன். ஓட்டிப் பார்த்தால், திரை எவ்வளவு நகர்ந்தாலும் அந்தப் பட்டை கூடவே வந்தது.

அடுத்த ஞாயிறு காலையில் போய், அவன் கணினியில் புதியதை ஏற்றினேன். நைனா முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். அதுவரை அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றபடி ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டுக் கட்டிலுக்குப் போய்விடுவார். அன்று உட்கார்ந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டார். நான் பின்னால் நின்றேன். அவர் நிற்கும் இடத்தில் நானும், அவன் உட்காரும் இடத்தில் அவரும் இருக்கிறோம் என்று தோன்றியதும் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

தட்டினார். இடது ஓரத்தில் கட்டைகள், எதிரே பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"அட" என்றார். "தோ கீறான் பாரு."

அவர் விரல்கள் மேசைமேல் தானாக அசைய ஆரம்பித்தன. நான் பயந்தது உடனே நடந்தது. "இங்க இன்னாத்துக்குடா இவ்ளோ நெருக்கற... சரி, சரி, வுட்டுட்டான். அப்பால? அங்க ஏறக்கூடாது. ஏறிட்டான். சொன்னா கேக்க மாட்டான்." எழுந்து திரையை அணைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நண்பா, மன்னித்துவிடு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

கீபோர்டு குரல் ஒரு வேகமான ஓட்டத்தில் மேலே ஏறும் இடம் வந்தது. ஐந்து ஐந்து ஸ்வரமாகப் படியேறிப் போகும். நைனாவின் கை நின்றது.

"நிறுத்து. திருப்பிப் போடு."

போட்டேன். படிகளில் ஓட்டை இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் ஒரு காலி இடம், அப்புறம் ஐந்து. அடுத்த ஓட்டத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

நான் எழுதியது எங்கோ பிசகி ஸ்வரங்களை விழுங்கியிருக்கிறது. "நைனா, இது என் தப்பு. வரையறதுல ஏதோ வுட்டுப்போயிருக்கு. ஒரு நிமிஷம்" என்று பழைய எண் கட்டங்களுக்கு மாற்றிப் பார்த்தேன். அங்கேயும் அந்த இடத்தில் ஸ்வரம் இல்லை, மூன்று கோடு. அடுத்ததிலும் மூன்று கோடு. சுற்றிலும் மூன்று கோடாக இருக்கும் இடத்தில் இந்த மூன்று கோடு மட்டும் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அந்தப் பாட்டை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த ஓட்டத்தில் ஒரு சின்ன நொண்டல் உண்டு, அது அவன் பாணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உன் தப்பு இல்ல" என்றார் நைனா. "ஸ்வரம் மாறுது பாரு. ஒரு தபா பா இல்ல, ஒரு தபா நி இல்ல. ஆனா எப்பவும் நாலாவது. ஸ்வரம் இல்ல கண்ணு அது. வெரலு."

வலது கையை என் முன்னால் மேசைமேல் விரித்தார். கட்டை விரலிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினார். மோதிர விரல் மட்டும் கீழே வரவில்லை. பக்கத்து விரல்களோடு சேர்ந்து லேசாக நடுங்கிவிட்டு நின்றது. எத்தனை வருடப் பழக்கம், எத்தனை முறை அந்தக் கையால் காபி வாங்கிக் குடித்திருக்கிறேன். நான் கவனித்ததே இல்லை.

கல்யாணமான புதிதில் ஏதோ ஒரு மண்டபத்தில் சாமான்களை வேனில் ஏற்றும்போது கதவு கையோடு சாத்திக்கொண்டதாம். விரல் சேர்ந்தது, மடங்கவில்லை. குழுவில் தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. மெதுவான இடங்களில் வேறு விரலைப் போட்டுச் சமாளித்தார். வேகமான ஓட்டத்தில் அதற்கு நேரம் கிடையாது, அந்த ஒரு கட்டையைத் தாண்டிவிட்டுப் போய்விடுவாராம்.

"டிரம்ஸ் அடிக்கற அடியில எவன் கேக்கறான்? பாடறவனுக்குத் தெரியாது. பக்கத்துல கிடார் வாசிச்சவனுக்குத் தெரியாது. இவங்கம்மாவுக்கே நான் சொன்னதில்ல. ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு நெனச்சுகினு இருந்தேன்." திரையைப் பார்த்தார். "இவன் கேட்டுகினு இருந்துகீறான்."

பாட்டில் எங்கெல்லாம் அந்தக் கீபோர்டு குரல் ஓடியதோ அங்கெல்லாம் நான்காவது இல்லை. ஓர் இடத்தில்கூட மறந்து அவன் அதை நிரப்பியிருக்கவில்லை.

என் பக்கம் திரும்பினார். "நீதானே அவன்கூடவே இருந்தவன். சொல்லு. நக்கல் பண்றானா?"

ஊரில் எல்லோர் கையையும் தப்பு என்று சொன்ன மனிதருக்கு அவர் கையில் இருந்த தப்பை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். நக்கலாகவும் இருக்கலாம். அவன் நக்கல் பிடித்தவன்தான். அப்பாவின் கையை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டான் என்றும் இருக்கலாம். திட்டுக்குப் பயந்துதான் நைனா கண்ணில் படாமல் எழுதினான் என்று நான் நம்பியிருந்தேன். இப்போது அதுவும் நிச்சயமில்லை. இதைப் பார்த்தால் அவர் மனது என்ன ஆகும் என்று பயந்தானோ என்னவோ. எது நிஜம் என்று கட்டத்திலும் எழுதியிருக்கவில்லை, பட்டையிலும் எழுதியிருக்கவில்லை. இல்லை நைனா, பாசம்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியல நைனா" என்றேன்.

"ம்" என்றார்.

பாட்டு முடிந்து கடைசி ஸ்வரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முடிவில்லாத பட்டை திரையோடு நகர்ந்தது. நைனா எழுந்து போய்ப் பரணிலிருந்து தன் பழைய கீபோர்டை இறக்கச் சொன்னார். இறக்கித் துடைத்துக் கணினியோடு இணைத்து, வாசிப்பது பதிவாகும்படி வைத்தேன். மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பிள்ளை விட்டுப்போன ஸ்வரத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அதன்மேல் வாசிக்க ஆரம்பித்தார். மெதுவாகத்தான் தொடங்கினார். வயதான கை, ஆனால் எங்கே போக வேண்டும் என்று தெரிந்த கை. அவர் வாசிக்க வாசிக்கத் திரையில் புதிய பட்டைகள் வேறு நிறத்தில் அவனுடைய பட்டைகளை அடுத்து வந்து உட்கார்ந்தன. கடைசியில் ஓர் ஓட்டம் எடுத்து மேலே ஏறி, அங்கேயே முடித்தார்.

கண்ணைத் திறந்து பார்த்தார். அவர் படிகளிலும் நான்காவது இல்லை. பக்கத்தில் அவனுடைய படிகள், அதே ஓட்டை. நிறத்தை மறைத்துவிட்டால் யார் எழுதியது யார் வாசித்தது என்று எனக்கே தெரியாது.

"இந்த மவுச வெச்சு அந்த எடத்துல ஒரு பட்டை போட முடியுமா?" என்று கேட்டார்.

"போடலாம் நைனா."

"என்னுதுல மட்டும் போடு. அவன்துல கை வெக்காத."

ஒவ்வோர் ஓட்டமாகப் பார்த்து, காலியாக இருந்த படிகளில் பட்டை வரைந்தேன். இதற்குத்தான் பியானோ ரோல், வரைவது நொடி வேலை. பிறகு ஓட்டினேன். வேன் கதவுக்குப் பிறகு முதல்தடவையாக அவர் ஓட்டம் முழுசாக வந்தது. வழுக்கிக்கொண்டு மேலே போனது. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, நல்ல காரியம் செய்தோம் என்று. நைனா வலது கையை மடியில் மூடி வைத்துக்கொண்டு கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன்.

"சோக்கா கீது" என்றார். "யாரு இது?"

"நீங்கதான் நைனா."

"இல்ல. இவன் பொறக்கறதுக்கு முன்னால ஒருத்தன் இப்பிடி வாசிச்சுகினு இருந்தான்." கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் நிறைந்திருந்தன. "அவன எம்புள்ளைக்குத் தெரியாது. பாத்ததே இல்ல. கேட்டதே இல்ல."

நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எடுத்துரு" என்றார்.

போட்ட பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். எல்லாம் போய்விட்டதா என்று திரைக்கு மிக அருகில் குனிந்து அவரே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"படையலுக்கு வந்தான்னா அவனுக்கு என்னை அடையாளம் தெரியணுமில்ல?"